பதினெட்டாம் மணியில் நிறுத்திய சோதனை

செல்லப்பாண்டியின் தலைக்குள் வைக்க வேண்டிய நினைவுச்சில்லு சோதனை உலையில் பதினெட்டு மணி நேரத்தைக் கடந்தபோது, அறுவை அரங்கிலிருந்து சில்லைக் கேட்டு மூன்றாவது முறையாக அழைப்பு வந்தது. சில்லு முழுக்க எழுதி, அழித்து, சூட்டில் வாட்டி, எழுதியதே திரும்பி வருகிறதா என்று இருபத்துநான்கு மணி நேரம் பார்க்க வேண்டும். பதினெட்டு மணி வரை ஒரு பிழையும் இல்லை. ஆய்வகத்தில் அதைச் சோதித்துக்கொண்டிருந்த கோமதி உலையை அணைத்தாள். சான்றிதழில் இருபத்துநான்கு என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

பக்கவாதத்தில் சிதறிய நினைவுகளைச் சில்லு திரட்டிக் கொடுத்தது. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான செல்லப்பாண்டி ஒரே வாரத்தில் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்தார். நான்காம் மாதம் காவல் நிலையத்துக்குப் போய், முப்பது வருடங்களுக்கு முன் வள்ளியூர்ச் சாலையில் ஒரு சிறுமியைப் பேருந்து ஏற்றிக் கொன்றதாகச் சொல்லி அழுதார்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. குறுக்கே ஓடிய சிறுமி பிழைத்திருந்தாள். அவர் பிரேக் போட்டிருந்தார். வேறெங்கோ பார்த்த சாவு ஒன்று அந்த நினைவோடு ஒட்டிக்கொண்டது. மனைவி அந்தப் பெண்ணையே தேடி அழைத்து வந்தாள். செத்தவளின் அக்காவா என்று கேட்டு அவர் அவள் காலில் விழுந்தார்.

புகார் ஆய்வகத்துக்கு வந்ததும், அதே வரிசையில் செய்த இன்னொரு சில்லைக் கோமதி முழு நேரமும் சோதித்தாள். இருபத்தோராம் மணியில் இரண்டு பதிவுகள் ஒன்றோடொன்று கலந்தன.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சம்மதித்தால் வேறு சில்லு வைத்துவிடலாம், அந்த நினைவு போய்விடும் என்றாள்.

"தப்பு என்னோடதுய்யா. உங்க மேல ஒண்ணுமில்ல."

"என் வீட்டுக்காரி சொல்லி வந்தியா தாயி?"

"சத்தியமா இல்லய்யா."

"நீ நல்ல புள்ள. இதையும் எடுத்துட்டா அந்தப் பிள்ளைய நெனைக்க யாரு இருக்கா?"

சில்லைச் சோதித்தாவது பார்க்கிறேன் என்று கெஞ்சினாள். அதற்கு மட்டும் இசைந்து, அவள் கொண்டுவந்த கருவிக்குத் தலையைக் குனிந்து கொடுத்தார். அடிக்கடி எடுத்துப் பார்க்கும் நினைவைச் சில்லு தானே இறுக்கிக்கொள்ளும். அவர் இதை நாளெல்லாம் எடுத்துப் பார்த்திருந்தார். கல்யாண நாள், மகளின் முகம் எல்லாம் அங்கங்கே தடுமாறின. அந்தச் சாலையும் சிறுமியும் மட்டும் ஒவ்வொரு முறையும் அப்படியே திரும்பி வந்தன.

"மிஷினு என்னம்மா சொல்லுது?"

இன்னொரு பொய் சொல்லக் கோமதிக்கு வாய் வரவில்லை.

"உள்ளதுலயே அதுதான் உறுதியா இருக்குய்யா."

அவர் கதவோரம் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்து, நான் சொன்னது சரிதானே என்பதுபோல் மெல்லத் தலையாட்டினார்.