பதினோரு மணி மீன்

"அண்ணி, இன்னைக்கு நீங்க போற எடத்துக்கு நானும் வரட்டுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை. ஈசூன் அடுக்குமாடி வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அற்புதமேரி மீன் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கேட்டவள் நாத்தனார் உமாமகேஸ்வரி. மறுநாள் அவளுக்கு மார்புக் கட்டிக்கு ஆபரேஷன்.

"டெக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கத்தானே போறேன்... அந்தக் கூட்டத்துல நீ எதுக்குடி? ரெஸ்ட் எடு."

உமாவின் முகம் சுருங்கியது. "பரவால்ல அண்ணி. என்னையெல்லாம் அங்க கூட்டிட்டுப் போவீங்களா..." என்று உள்ளே போய்விட்டாள்.

ரமணனைக் கைப்பிடித்து இந்த இந்துக் குடும்பத்துக்கு வந்து இருபது வருடம். தாயில்லாத பதினாலு வயது உமாவைத் தன் பிள்ளையாகவே வளர்த்தாள். தனக்கென்று எதையும் கேட்டதில்லை. வீட்டில் எதற்கு வம்பு என்று வேதப்புத்தகத்தைக்கூட மீன் பையின் அடியில் ஒளித்து எடுத்துப் போவாள். டெக்கா என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தேவாலயத்தில் ஆராதனை முடித்து, அப்புறம் மீனோடு திரும்புவாள். யாரும் அவளைத் தடுத்ததில்லை. அவளும் யாரையும் கேட்டுப் பார்த்ததில்லை.

அன்றும் வழக்கம்போல தேவாலயத்தில் முழங்கால் போட்டாள். 'ஆண்டவரே, உமாவிடம் உம்மைப் பற்றிச் சொல்ல ஒரு வாசலைத் திறந்து தாரும்...' பல வருடத்து ஜெபம். மேலே வார்த்தை வரவில்லை. வாசல் காலையிலேயே திறந்துவிட்டதே! உமாவே வாய்விட்டுக் கேட்டாள். இவள்தான் மீன் பையைக் காட்டி அதை மூடிவிட்டு வந்திருக்கிறாள். இனி எந்த முகத்தோடு ஜெபிப்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது. முதல் பாட்டு முடியுமுன் எழுந்து நேரே வீட்டுக்குத் திரும்பினாள்.

சமையலறையில் உமா பையை வாங்கிப் பார்த்தாள். "மீன் எங்க அண்ணி?"

அற்புதமேரி வேதப்புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "சர்ச்சுக்குப் போனேன். இருபது வருஷமா அங்கதான் போறேன். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன், உமா..."

"தெரியும் அண்ணி. சர்ச் முடிஞ்சு பதினோரு மணிக்கு மேல கடையில மிஞ்சுற மீனத்தானே இந்த வீட்டுல சாப்பிடுறோம்? அண்ணனுக்கும் தெரியும் லா." உமா சிரிக்கப் பார்த்தாள். அழுகைதான் வந்தது. "என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் உங்களுக்கு வெட்கம்னு நெனச்சேன்."

"ஐயோ... உன்னால இல்லடி. என்னை இத்தன வருஷம் தாங்கினவர் பேரச் சொல்ல எனக்கு வெட்கம். அதவிடக் கேவலம் வேற இருக்கா?"

உமா அவளைக் கட்டிக்கொண்டாள். "பயமா இருக்கு அண்ணி. உங்க சாமிகிட்ட எனக்காகக் கேப்பீங்களா?"

'அப்புறம் கேக்குறேன்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழக்கம். அதை விழுங்கிவிட்டு அங்கேயே தரையில் முழங்கால் போட்டாள். உமாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹாலில் ரமணன் டிவியை அணைத்தான்.

அற்புதமேரியின் உதடுகள் மட்டும் அசைந்தன. இந்த வீட்டில் அவளுக்கு அப்படித்தான் ஜெபிக்கத் தெரியும்.

"சத்தமா சொல்லுங்க அண்ணி," என்றாள் உமா. "எனக்குக் கேக்கணும்."

முதல் வார்த்தை அழுகையாகத்தான் வந்தது. இரண்டாவது வார்த்தை ஹால்வரைக்கும் கேட்டது.