மறுநாளும் ஓடியவன்

கம்பவுண்டர் பர்னபாஸ் தன் மருந்துக் கடைத் தரையில் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டை பிளந்திருந்தது. தலைமாட்டில் மருந்து இடிக்கும் இரும்பு உலக்கை... ரத்தமும் முடியுமாக.

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்த மனைவி பிளாரன்ஸ் போட்ட அலறலில் வைப்பாறு ஊரே கூடிவிட்டது.

இன்ஸ்பெக்டர் சங்கரபாண்டியன் போலீஸ் வேனில் வந்து இறங்கியபோது அவள் அழுது ஓய்ந்திருந்தாள். குரலில் நடுக்கமே இல்லை.

"அம்புரோஸ்தான்யா கொன்னது. அவன இங்கன கொண்டாங்க. மிச்சத்த எங்க அண்ணன்மாரு பாத்துக்கிடுவாங்க."

அண்ணன்மார் மூன்று பேர் வாசலில் துடுப்போடு நின்றார்கள். அதைக் கீழே வைக்கச் சொன்ன கான்ஸ்டபிள் செந்தில்வேலை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அம்புரோஸ், தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். முந்தின நாள் அவன் பேர்தான் கடற்கரை முழுக்க. துறைமுகத்திலிருந்து வேம்பார் வரை நெடுந்தூர ஓட்டப் பந்தயம். முதலில் வருகிறவனுக்குச் சென்னையில் நடக்கும் தேர்வில் ஓட இடம். அங்கேயும் ஜெயித்தால், இந்த நாற்பத்தெட்டாம் வருஷத்து ஒலிம்பிக்குக்கு லண்டனுக்கே கப்பல் ஏறலாம்.

அம்புரோஸ் ஜெயித்தான். அதுதான் இப்போது அவனுக்கு வினையாகிவிட்டது.

பர்னபாஸ் நாலு மாதமாக ஓர் ஓட்டக்காரனுக்கு ரகசியமாக ஊசி போட்டு வந்தாராம். கொழும்புக் கப்பலில் வந்த மருந்து. பேர் மட்டும் சொல்ல மாட்டாராம். "நான் ஊசி போடுதவன்தான் ஜெயிப்பான்" என்று மனைவியிடம் பெருமையடித்திருக்கிறார்.

"ஜெயிச்சவன் அம்புரோஸ். ஊசி விசயம் வெளிய தெரிஞ்சா சென்னைக்கு விட மாட்டாங்கன்னு வாயை அடைச்சுட்டான்" என்றாள் பிளாரன்ஸ். "இன்னைக்கு வேம்பார்ல பூசைக்குக்கூட அவன் வரலையாம். எங்க போனான்னு கேளுங்க."

சங்கரபாண்டியனுக்குத் தலை வலித்தது.

காரணம், அவரே சாட்சி! பந்தய பந்தோபஸ்துக்காக வேம்பாரில் தங்கியிருந்தவர் அவர். ஓடியவர்கள் அத்தனை பேரும் கோயில் பள்ளிக்கூடத்தில்தான் கிடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது; வேம்பார்க்காரர்கள் படகும் இறக்க மாட்டார்கள். காலைக் கஞ்சிக்கு எல்லாரையும் கண்ணால் பார்த்தார். மதியச் சோற்றுக்கும் பார்த்தார். நடுவில், கடலில் குளிக்கப் போனவர்களும் பனைநிழலில் படுத்தவர்களுமாகச் சிதறிக் கிடந்தார்கள்.

வேம்பாரிலிருந்து வைப்பாறு எட்டு மைல். ஓட வந்தவர்கள் யாரிடமும் சைக்கிள் இல்லை. நடந்து போனால் சோற்றுக்குத் திரும்ப முடியாது.

ஓடினால்தான் உண்டு. முந்தின நாள் இருபத்தைந்து மைல் ஓடிய காலோடு யார் ஓடுவது?

"இதப் பாருங்க இன்ஸ்பெக்டர்."

போலீஸ் டாக்டர் தேவபிரசாதம் கடையின் குப்பைக் கூடையிலிருந்து உடைந்த கண்ணாடிக் குப்பிகளை எடுத்து முகர்ந்தார். உடையாத ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார்.

"டெஸ்டோஸ்டிரோன். ஆம்பளை உடம்புல சுரக்கிறது. இப்ப அதைச் செயற்கையாவே செய்றாங்க. எண்ணெய்ல கரைச்சு இடுப்புல போடுறது. சீல் உடையல... அசல் சரக்கு."

"இதப் போட்டா குதிர மாதிரி ஓடுவானா?"

"அப்படித்தான் நினைச்சுப் போட்டுருப்பாரு. தசை நல்லா ஏறும். நூறு கெஜம் ஓடுறவனுக்கு அது லாபம். இருபத்தஞ்சு மைல் ஓடுறவன், ஏறின கனத்தையும் சேர்த்துல்ல சுமக்கணும்?" டாக்டர் குப்பியைக் கீழே வைத்தார். "ஆனா ஒண்ணு. நொந்துபோன தசை சீக்கிரம் தேறும். மத்தவன் நாலு நாள் சுருண்டு கிடக்கையில, இவன் மறுநாளே எந்திரிச்சுருவான். முகத்துல பரு வரும். சிலருக்குக் கோவம் கண்ணை மறைக்கும்."

சங்கரபாண்டியன் டாக்டரையும் கூட்டிக்கொண்டு வேனை நோக்கி நடந்தார்.

வேம்பார் பள்ளிக்கூடத்தில் அம்புரோஸ் பாயில் மல்லாந்து கிடந்தான். கால் நகம் இரண்டு கறுத்திருந்தது. உள்ளங்காலில் தோல் உரிந்து தொங்கியது. விஷயத்தைச் சொல்லி, வெளியே வா என்றார் இன்ஸ்பெக்டர்.

அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். வாசலில் நாலே படி. நின்று இறங்க முடியாமல், ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான். பூசைக்குப் போகாத காரணத்தை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கடற்கரை வழியாகப் படகில் வந்துவிட்ட அண்ணன்மார் அதற்குள் வேலியைத் தாண்டியிருந்தார்கள். செந்தில்வேல் லத்தியைக் குறுக்கே நீட்டினான்.

"நடிக்கான்" என்றான் மூத்தவன். "நம்பாதீங்க."

அம்புரோஸ் நிமிர்ந்து பார்த்தான்.

"கொன்னேன்னு சொல்லுதீங்களா, சொல்லிக்கிடுங்க. ஊசியில ஜெயிச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க. அது என் காலு ஓடுன ஓட்டம்."

சங்கரபாண்டியன் அந்தக் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எல்லா ஓட்டக்காரர்களையும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தரையில் உட்காரச் சொன்னார். பேர், ஊர் விசாரித்தார். திடீரென்று எல்லாரும் எழுந்திருங்கள் என்றார்.

ஒரே முனகல். ஒருவன் தூணைப் பிடித்தான். ஒருவன் பக்கத்து ஆள் தோளைப் பிடித்தான்.

எல்லாரையும்விடப் பலமாக முனகியவன் காசிலிங்கம். உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி வீட்டுப் பிள்ளை. வயது முப்பதைத் தாண்டியும் முகமெல்லாம் பரு. கழுத்து தடித்து, சட்டையின் மேல் பொத்தான் பூட்ட முடியாமல் விலகி நின்றது. பந்தயத்தில் அவன் கடைசிக்கு முந்தினவன்.

அவனுக்கு முனகல் முதலில் வந்தது. கால் அசைந்தது அப்புறம்தான்.

உட்காரச் சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டர் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு அதன் பின்னால் நின்றுகொண்டார். சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

"காசிலிங்கம் அண்ணாச்சி... ஒமக்கு முன்னால வந்தவரு இந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியாரு. ஐம்பது வயசு. வழியில நின்னு எளநீ குடிச்சுட்டு வந்தாராம். இவ்ளோ பெரிய ஒடம்ப வச்சுக்கிட்டு நீரு எதுக்குவே ஓட வந்தீரு? ஒங்க வீட்டுக் கருப்பட்டி வண்டியில மாட்டுக்குப் பதிலாப் பூட்டியிருக்கலாம்லா?"

யாரோ சிரித்துவிட்டார்கள்.

அவ்வளவுதான்...

காசிலிங்கம் கையூன்றவில்லை. தரையிலிருந்து ஒரே எம்பு! பெஞ்சை அப்படியே தாண்டி, இன்ஸ்பெக்டரின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தான்.

யாரும் அவன் கையைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்கள்.

"வலிக்கலையா அண்ணாச்சி?" என்றார் சங்கரபாண்டியன், கழுத்து இறுகிய நிலையிலேயே.

நாலு கான்ஸ்டபிள்கள் சேர்ந்துதான் அவனைப் பிரித்தெடுக்க முடிந்தது. விலங்கு பூட்டிய பிறகு அவன் மறைக்கவில்லை. மறைக்கிற பொறுமை அவனிடம் இல்லை.

"நாலு மாசம்யா... இடுப்புல குத்தாத எடமில்ல. ஜெயிச்சுருவேன், ஜெயிச்சுருவேன்னான். அத்தன பேரு முன்னால தோத்தேன். வெறும் நல்லெண்ணெயக் குத்தி என்ன ஏமாத்திட்டான். போயிக் கேட்டேன். 'மருந்து அசல்தான், ஒன் ஓட்டந்தான் போலி'ன்னு சிரிச்சான். உலக்க கையில கெடச்சுது."

டாக்டர் தேவபிரசாதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அவர் சொன்னது நிசம்ப்பா. அசல் மருந்துதான்."

"பொய்."

"பொய்யா?" இன்ஸ்பெக்டர் கிழிந்த காலரைத் தடவிக்கொண்டார். "நேத்து இருபத்தஞ்சு மைல் ஓடியிருக்கீரு. இன்னைக்கு வைப்பாறுக்கு ஓடி, ஒரு ஆளக் கொன்னு, சோறு ஆறதுக்குள்ள திரும்ப ஓடி வந்துருக்கீரு. நல்லெண்ணெயில இது நடக்குமாவே? பர்னபாஸ் ஒம்ம ஏமாத்தல. ஏமாத்தியிருந்தார்னா நீரும் பாயில கெடந்துருப்பீரு... அவரும் உசுரோட இருந்துருப்பாரு."

காசிலிங்கம் தன் கால்களை, யாரோ வேற்றாளின் கால்களைப் போலக் குனிந்து பார்த்தான்.

மூத்த அண்ணன் அம்புரோஸ் பக்கம் திரும்பாமலே வேலியைத் தாண்டி இறங்கினான். தம்பிகள் பின்னால் போனார்கள். அம்புரோஸ் படியிலேயே உட்கார்ந்து, உரிந்த தோலை மெல்லப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

செந்தில்வேல் வேனிலிருந்து தலையைச் சொறிந்துகொண்டே வந்தான்.

"ஐயா, பெட்ரோல் தீந்துபோச்சு. இவன நடத்தியேதான் தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போவணும். நடுவழியில ஓடிட்டான்னா என்னய்யா செய்ய?"

"வெரட்டாதல" என்றார் சங்கரபாண்டியன். "லண்டனுக்குத் தந்தி அடிச்சுரு."