மைனஸ் இருபதில் காலாவதி!

ஃபோன் அலறியது.

குவாயாகில் நகரம். ஞாயிறு மதியம். யாதிரா எடுத்தாள்.

"இன்ஜினியரம்மா! குளிர் அறைக்குள்ள யாரோ மாட்டிக்கிட்டாங்க... கதவைத் தட்டுற சத்தம் கேக்குது!"

இறால் கம்பெனிக் காவலாளி வில்மர்.

"உங்க வீட்டுக்காரர் சைக்கிள் வெளியில நிக்குதும்மா!"

இன்று அங்கே ஷிஃப்ட் அவள் கணவனுக்குத்தான். ஃபவுஸ்டோ! உள்ளே மைனஸ் இருபது டிகிரி!

"உள்ளேயிருந்து திறக்க முடியாதா?"

"உள்பக்கக் கைப்பிடியைத்தான் மேனேஜர் கழட்டிட்டாரே... நாங்க இறால் திருடுவோமாம்!"

"ஆப்ல திறங்க!"

"ஆப்பே ஓட மாட்டேங்குது!"

தன் ஃபோனில் தட்டிப் பார்த்தாள். செத்துக் கிடந்தது. கம்பெனி ஆட்களுக்கென்று அவளே செய்த ஆப். அதன் சான்றிதழை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். இன்று மதியம் காலாவதி!

எத்தனை தடவை சொன்னாள்! 'அப்புறம் பாக்கலாம்மா' என்றே தள்ளிவிட்டார் மேனேஜர் எரிபெர்த்தோ. புதுப்பிக்கும் ரகசிய எண் அவர் ஃபோனுக்கு மட்டும்தான் வரும். வேறு யாரையும் அவர் நம்ப மாட்டார்.

லேப்டாப்பில் 'ரகசிய எண் அனுப்பு' என்று தட்டிவிட்டு அவரை அழைத்தாள். மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது...

"எடுய்யா! எந்த பீச்சுல படுத்துக் கிடக்கே!"

ஃபவுஸ்டோவும் எடுக்கவில்லை.

"கடப்பாரையால அடிங்க வில்மர்!"

"அடிச்சாச்சும்மா! கீறல்கூட விழல... ஐயோ... தட்டுற சத்தம் நின்னுடுச்சு!"

யாதிரா உடைந்து அழுதாள். அவள் செய்த பூட்டு. அவளாலேயே திறக்க முடியவில்லை.

மறுபடி மேனேஜரை அழைத்தாள்.

"அம்மா... பின்பக்கம் ஏதோ ஃபோன் அடிக்குது!"

வில்மர் ஓடினான். ஒரு லாரி. பாதி நிரம்பிய இறால் பெட்டிகள். டிரைவர் சீட்டில்... மேனேஜரின் ஃபோன்! திரையில் ரகசிய எண்!

அவன் வாசித்தான். யாதிரா லேப்டாப்பில் அடித்தாள். ஆப் உயிர் பெற்றது.

"திறங்க!"

கதவு விலகியது.

"அவர் உயிரோட இருக்காரா?"

"இருக்கார்மா... ஆனா..."

"என்ன ஆனா?!"

"இது உங்க வீட்டுக்காரர் இல்லம்மா... மேனேஜர்!"

"என்ன சத்தம் இங்க?"

வில்மருக்குப் பின்னால் ஃபவுஸ்டோ! கையில் மீன் சூப் பொட்டலம்.

"குளிர் அறைக் கதவு பப்பரப்பான்னு திறந்து கிடந்துச்சு. சாத்திட்டு, பக்கத்துல சாப்பாடு வாங்க நடந்து போனேன்..."

"பாவி மனுஷா! ஃபோனை எடுக்க மாட்டியா?" ஸ்பீக்கரில் யாதிரா அழுதுகொண்டே திட்டினாள்.

"சார்ஜ் இல்லடி!"

மேனேஜரின் பற்கள் தந்தியடித்தன.

"போ... போலீஸெல்லாம் வேணாம்பா... சும்மா சரக்கைப் பாக்க வந்தேன்..."

ஃபவுஸ்டோ லாரியைப் பார்த்தான். சூப்பைப் பிரித்து அவரிடம் நீட்டினான்.

"சீக்கிரம் குடிங்க சார்... போலீஸ் வர்றதுக்குள்ள ஆறிடும்!"