புளி போட்டுத் தேய்த்த தெய்வம்

“அணையைத் தொறந்துட்டாங்க. பதினோரு மணிக்குத் தண்ணி இங்க வந்துரும்,” என்றான் புகைப்படக்காரன் ஜாபர், கேமராவைத் தலைமேல் தூக்கியபடி.

நித்திலா நிற்கவில்லை. அமராவதி ஆற்றின் நடுவிலிருந்த மணல்திட்டை நோக்கி வேகமாக நடந்தாள். முன்னால் மரத்தட்டுடன் பொன்னாத்தா. மணலை அரித்துப் பழங்காசு தேடுவதே அவள் பிழைப்பு.

மூன்று வருடங்களுக்கு முன் இதே திட்டில் பொன்னாத்தாவுக்கு ஒரு கிரேக்க வெள்ளிக்காசு கிடைத்தது. ஒரு பக்கம் கன்னம் ஒட்டிய கிழ ராஜா. மறுபக்கம் அரியணையில் ஒரு தெய்வம், அருகில் ராஜாவின் பெயர். சாமியை அழுக்கோடு வைக்கலாமா என்று, வெள்ளிதோறும் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்தாள். தெய்வமும் பெயரும் மழுங்கிப்போயின. ராஜாவை யாரும் கண்டுகொள்ளவில்லை, அழுக்கோடு பிழைத்துக்கொண்டார்.

அந்த முகத்தை நம்பி, அவர் காலத்திலேயே கிரேக்க வணிகர் இங்கே வந்தனர் என்று தன் ஆய்வேட்டில் எழுதினாள் நித்திலா. “கடையில வாங்கின காசும்மா,” என்று சிரித்தார் பல்கலைக்கழகத் துறைத்தலைவர். ஆற்றிலிருந்து இன்னொரு காசு, படத்தோடு வேண்டும். கெடு அடுத்த வாரம். இன்று வெள்ளம் வந்தால் பிறகு இறங்க முடியாது.

தட்டு தட்டாக மணல் சுழன்றது. உடைந்த பானை ஓடுகளும் கூழாங்கற்களும்தான் மிஞ்சின. தேடுவது ராஜாவையா, அந்தச் சிரிப்புக்கு ஒரு பதிலையா? அவளுக்கே தெரியவில்லை. கைகள் மட்டும் ஓயவில்லை.

தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

“போலாங்க கண்ணு. காசு அடுத்த வருசமும் கெடக்கும். நாம இருக்கோணுமில்ல?”

“இன்னும் ஒரு தட்டுக்கா.”

“இதோட நாலு ‘ஒரு தட்டு’ ஆச்சுங்க.”

முழங்காலளவு நீரில் பொன்னாத்தா கடைசித் தட்டைச் சுழற்றினாள். அடியில் கருப்பாக ஒரு வட்டம் தங்கியது. அது தட்டில் கிடக்கும்போதே ஜாபர் படமெடுத்தான். நித்திலா காசை உள்ளங்கையில் இறுக்கினாள். மூவரும் ஓடினார்கள். சுழலில் நித்திலாவின் கால் நழுவ, சடையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள் பொன்னாத்தா.

நித்திலா கையைத் திறந்தாள். பறவை ஏந்திய தெய்வம். அருகே தேயாமல் முழுசாக ராஜாவின் பெயர். புரட்டினாள். சுருள்முடி இளைஞன்.

“உங்க ராசாதானுங்களா?”

“இல்லக்கா. அவருக்கு நூறு வருசம் பின்னாடி வந்தவன். ரெண்டும் ஒரே திட்டுல கிடைச்சிருக்கு, அப்போ பழைய காசும் கை மாறிக் கை மாறி இவன் காலத்துலதான் இங்க வந்திருக்கணும். காசு ஆத்துலதான் கிடைச்சுதுன்னு நான் சொன்னது சரி. காலம் தப்பு.”

“தப்பையும் எழுதுவீங்களா?” என்றான் ஜாபர்.

“அதுதான் முதல் வரி.”

திட்டு இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் மட்டுமே ஓடியது. காலையிலிருந்து முதல்முறையாக நித்திலா உட்கார்ந்தாள்.