கெடாத கெண்டி

"கொலைன்னே எழுதிக்கோ!"

சொல்லிக்கொண்டேதான் மூலிகைக் கடைக்குள் நுழைந்தார் தேநீர்க் கெண்டி வியாபாரி பாங். கையிலிருந்த துணிப் பொதியைப் பிணத்தை இறக்குவதுபோல மேசைமேல் இறக்கி அவிழ்த்தார். உள்ளே மூன்று மண் கெண்டிகள்.

சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஏட்டு காவோ துள்ளி எழுந்து கெண்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூக்கு உடையவில்லை, மூடி உடையவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

"எதுவும் உடையலையே, ஐயா?"

"உடைச்சிருந்தா ஒருநாள் அழுதுட்டு விட்டிருப்பேன். மோந்து பாருடா!"

காவோவுக்குச் சளி. அவன் கடைக்காரியைப் பார்த்தான். திங்ஷு ஊரில் புரியாத வழக்கு எது வந்தாலும் அவன் வந்து நிற்கும் இடம் மூலிகைக்கடை ரூலானின் கல்லாப் பக்கம்தான். கணவர் இறந்த பிறகு பதினைந்து வருடமாகத் தனியே கடை நடத்துகிறவள். இருநூறு மருந்து டப்பாக்களில் எதையும் கண்ணை மூடிக்கொண்டு மோந்தே எடுப்பாள்.

ரூலான் மூன்றிலும் வெறும் வெந்நீர் ஊற்றினாள். கொஞ்ச நேரம் காத்திருந்து ஒவ்வொன்றாக மோந்தாள்.

"மஞ்சள் மண்ணு பச்சைத் தேயிலைக்குன்னே பழக்கினது. இதுல யுன்னான் கருந்தேயிலை வாடை. இந்த மெல்லிசுச் சிவப்பு ஊலாங் தேயிலைக்கு. இதுல பைன் புகையில வாட்டின தேயிலை. தடிச்ச ஊதா யுன்னானுக்கு. இதுல மல்லிகை."

"இருபது வருஷம்! மண்ணு குடிச்ச வாடையை விடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரே தேயிலையா கற்பு காத்து வெச்சிருந்தேன். பத்து நாள் சூசோ போயிட்டு வர்றதுக்குள்ள எவனோ நாள் முழுக்க ஊற வெச்சு நாசம் பண்ணிட்டான். இனி இதுல எதைப் போட்டாலும் சாக்கடைதான்."

"அலமாரியில வேற கெண்டி இல்லையா?" என்று கேட்டாள் ரூலான்.

"நாலாவது ஒண்ணு இருக்கு. இருநூறு வருஷத்துக் கெண்டி. அது பக்கமே போகல, சாமி காப்பாத்திச்சு. நாளைக்கு ஷாங்காய்லேருந்து யுவான் ஐயா அதை வாங்க வர்றாரு." பாங் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஆளை மட்டும் காட்டுங்க, மருந்துக்காரம்மா. அந்தக் கையை நான் ஒடிக்கணும்."

அன்று மதியமே ரூலானும் காவோவும் பாங் வீட்டுக்குப் போனார்கள். அவர் விருந்தாளிக்கு மீன் வாங்கக் கால்வாய்க் கரைக்குப் போயிருந்தார். அவர் ஊரில் இல்லாத பத்து நாளும் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். காவற்கார ஹோவுக்கு ஒரு கால் இல்லை. மாடியிலிருக்கும் அலமாரி வரை ஏறவே மாட்டார். அடுத்தவன் பாங்கின் இறந்துபோன மனைவியின் தம்பி லூ, வியாபாரத்தில் கூட்டாளி. அத்தானைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவன் முகம் சுளித்தது.

"அந்த மஞ்சள் கெண்டி எந்தத் தேயிலைக்கு?" என்று ரூலான் அவனிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஊலாங்தானே? எல்லாம் இலைதானேம்மா. எதுல போட்டா என்ன?"

மூன்றாவது, எட்டு மாதமாக வேலை பார்க்கும் சமையற்காரி சுன்யான். கெண்டிகளைக் கொண்டுவரச் சொன்னதும் மாடிக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். பாங் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்த கெட்டுப்போன மூன்றையும் தனித்தனியாக, இரண்டு கைகளிலும் ஏந்தி வந்து வைத்தாள். கடைசி நடையில் இருநூறு வருடத்துக் கெண்டி வந்தது. கைப்பிடிக்குள் ஒற்றை விரல் நுழைத்துத் தொங்கவிட்டிருந்தாள். மறு கையில் துடைப்பம்.

"பார்த்து, பார்த்து!" என்று பதறினான் காவோ.

"விழாதுங்க" என்றாள் அவள்.

ரூலான் அந்த நாலாவதிலும் வெந்நீர் ஊற்றினாள். மோந்தாள். நீரைக் கொட்டிவிட்டு எழுந்தாள்.

வாசலுக்கு வந்ததும் காவோ பொறுக்கமாட்டாமல் ஆரம்பித்தான். "மச்சான்காரன்தான் அக்கா! அத்தான் மேல எரிச்சல், அதனால மூணைக் கெடுத்தான். நாலாவது வித்தா அவனுக்கும் பங்கு உண்டு, அதனால அதை விட்டுட்டான். இப்பவே விலங்கு மாட்டவா?"

"மஞ்சள் கெண்டில எதைப் போடணும்னே அவனுக்குத் தெரியல தம்பி. எதைப் போட்டா அது சாகும்னு எப்படித் தெரியும்?"

காவோ விலங்கைத் தேடிய கையை இடுப்பிலிருந்து எடுத்தான்.

மீன் கூடையோடு பாங் எதிரே வந்தார். ரூலான் அவரை ஓரமாக அழைத்தாள். "ஆள் யாருன்னு தெரிஞ்சுடுச்சு. உங்ககிட்ட மட்டும் தனியா சொல்றேன். சபையில வேண்டாம்."

"சபையிலதான் சொல்லணும். யுவான் ஐயா முன்னாடி, வீட்டாள் எல்லார் முன்னாடியும். அந்த நாய் குறுகி நிக்கறதை நான் பாக்கணும்."

மறுநாள் காலை கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். பட்டு அங்கி அணிந்த யுவான் நடு நாற்காலியில். மேசையில் நான்கு கெண்டிகள். தொடங்குமுன் ரூலான் இன்னொரு தடவை கேட்டாள்: "இப்பவும் சொல்றேன், தனியா பேசிக்கலாமே."

"சொல்லுங்கன்னா சொல்லுங்க!"

ரூலான் தலையசைத்தாள்.

"வெறும் கோபக்காரனா இருந்தா கல்லால அடிச்சிருப்பான். இவங்க ஒவ்வொரு மண்ணுக்கும் அதோட பகைத் தேயிலையைத் தேடிப் போட்டிருக்காங்க. மண்ணைத் தொட்டு வளர்ந்த கை இது. அப்படிப்பட்டவங்க, நெஞ்சு பூரா வஞ்சம் இருக்கறவங்க, விலை கூடின கெண்டியை ஏன் விட்டாங்க?"

"சாமி காப்பாத்திச்சு" என்றார் பாங்.

"அதுல கெடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. யுவான் ஐயா, வெந்நீர் ஊத்தி நீங்களே பாருங்க. இருநூறு வருஷம் தேயிலை குடிச்ச மண்ணு என்ன மணக்கணும்?"

பாங் எழுந்தார். அதற்குள் யுவான் ஊற்றிவிட்டார். மோந்தார். மறுபடியும் மோந்தார். அவர் முகம் மெல்ல இறுகியது.

"தண்ணி வாசனைதான் வருது" என்றார்.

"மேலே புகைக்கரியும் வாதுமை எண்ணெயும் தேய்ச்சுக் கிழடாக்கின புதுக் கெண்டி. அது முதலாளிக்குத் தெரியும். செஞ்சவருக்கும் தெரியும். நேத்து நல்ல கெண்டிகளை ஏந்திட்டு வந்து, இதைத் துடைப்பத்தோட தொங்கவிட்டு வந்தவங்களுக்கும் தெரியும்." ரூலான் திரும்பினாள். "ஷாவ் ஜிங் உனக்கு என்ன உறவும்மா?"

"அண்ணன்" என்றாள் சுன்யான்.

அந்தப் பெயரைக் கேட்டதும் காவோவுக்குப் பழைய வழக்கு நினைவுக்கு வந்தது. மூன்று வருடம் முன்பு பாங் விற்ற பழங்கெண்டி ஒன்று போலியென்று அம்பலமானபோது, "அந்தக் குயவன் என்னை ஏமாத்திட்டான்" என்று பழியை ஷாவ் மேல் திருப்பிவிட்டார். செய்யச் சொன்னவரே அவர்தான் என்று ஷாவ் கதறியதை யாரும் கேட்கவில்லை. பாங்கின் ஆட்கள் அவன் கைகளைச் சூளைக் கதவில் வைத்து நசுக்கினார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே அவன் கால்வாயில் பிணமாக மிதந்தான்.

"சின்ன வயசுல அண்ணனுக்கு மண்ணு பிசைஞ்சு குடுத்தவ நான்" என்றாள் சுன்யான். அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "உங்க சோத்துல விஷம் வெக்க எட்டு மாசமும் கை துடிச்சுது, முதலாளி. செத்துட்டா உங்களுக்கு எப்படி வலிக்கும்? மூணைக் கெடுத்து நாலாவதை விட்டா, என்னிக்காவது ஒருத்தர் ஏன்னு கேப்பாங்கன்னு தெரியும். நீங்களே கூட்டம் கூட்டிக் கேக்க வெப்பீங்கன்னு மட்டும் தெரியாம போச்சு."

யுவான் அங்கியை உதறிக்கொண்டு எழுந்தார். "ஷாங்காய்ல உன் கெண்டி வெச்சிருக்கறவங்க எத்தனை பேர்னு எனக்குத் தெரியும், பாங். எல்லார் வீட்டுக்கும் நானே போறேன்." படகு தயாரா என்று கேட்டுக்கொண்டே வெளியே நடந்தார். லூ அவர் பின்னால் ஓடினான்.

"பிடிடா அவளை!" பாங் வாயில் நுரை தள்ளியது. "விலங்கு போடு!"

காவோ தலையைச் சொறிந்தான். "கெண்டியில தேயிலை போட்டதுக்கு எந்தச் சட்டத்துலங்க பிடிக்கிறது? நீங்க போலியை வித்ததுக்கு எனக்குச் சட்டம் தெரியும்."

சுன்யான் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து மேசைமேல் போட்டுவிட்டு வெளியேறினாள். அவளை யாரும் தடுக்கவில்லை. முற்றம் தாண்டும்வரை நிமிர்ந்தே போனவள், தெருவில் இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாளென்று காவோ நினைத்தான். அழவில்லை. பிறகு குயவர் தெருப் பக்கமாகத் திரும்பிப் போனாள்.

கடைக்குத் திரும்பும் வழியில் காவோவும் கூட வந்தான். பாலத்தருகே நின்றுவிட்டான்.

"அக்கா, யுவான் முன்னாடி சொன்னா அந்த ஆளு அழிஞ்சுடுவான்னு உங்களுக்கு முன்னமே தெரியும், இல்ல?"

"ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னேனே தம்பி."

"ஏன்னு ஒரு தடவைகூடச் சொல்லலையே!"

ரூலான் கீழே பார்த்தாள். பாலத்துக்கடியில் களிமண் ஏற்றிய படகொன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஷாவ் ஜிங்கைத் தூக்கிட்டு வந்தது என் கடைக்குத்தான். எட்டு விரல் உடைஞ்சிருந்துச்சு. ஒவ்வொண்ணா நான்தான் மூங்கில் வெச்சுக் கட்டினேன்" என்றாள். "வா, கடை திறக்க நேரமாச்சு."