வாசலில் கழற்றிய செருப்பு

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. பயந்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதியில் மட்டும் எழுந்து போகாதீர்கள். ஒரு செருப்பின் கதை சொல்கிறேன்.

திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டி அச்சடிக்கும் கம்பெனி ஒன்று. பெட்டிகளைத் தூக்கி அடுக்க அங்கே ஒரு ரோபோ கை, கம்பி வலைக் கூண்டுக்குள் நிற்கும். கூண்டுக்கு வெளியே சூட்கேஸ் அளவில் ஒரு கன்ட்ரோலர்; கைக்கு மூளை அதுதான். அதை மாட்டியவனும் பராமரிப்பவனும் மாணிக்கராஜ்.

அன்று மத்தியானம் அவன் கண்ணில் பட்டது: பெட்டிகள் வரும் பெல்ட்டைப் பார்த்து அவன் நிறுத்தியிருந்த கை, கூண்டு வாசலைப் பார்த்து நின்றது. ஒரு சாண் திரும்பல்தான்.

“என்ன அண்ணாச்சி, ஒங்க பிள்ளை யாரையோ எதிர்பார்க்கு?” என்று சிரித்தாள் முத்துச்செல்வி. முன்பு மிசினை ஓட்டிய அருணாதேவியின் இடத்துக்கு வந்தவள்.

“பேட்டரி செத்துருச்சு, அதான் கிறுக்குப் பிடிக்கு. நீ போயிச் சாப்பிட்டு வாத்தா. மாத்தி வைக்கேன்.”

கரண்ட் இருக்கும்போதே பேட்டரியை மாற்றவேண்டும். அணைத்தால் கை தான் நிற்கும் இடத்தையே மறந்துவிடும். அதனால் சிவப்புப் பொத்தானை அமுக்கி மிசினை நிறுத்திவிட்டு, கூண்டு வாசலில் செருப்பைக் கழற்றினான். பட்டாசு ரூமில் வேலை பார்த்துப் பழகிய சனம் கொண்டுவந்த வழக்கம் அது: வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள். செருப்பு கிடக்கையில் மிசினை ஓட்டும் பச்சைப் பொத்தானை அமுக்கக் கூடாது.

போன சீசனில் அவன் அமுக்கினான்.

சிக்கிய பெட்டியை எடுக்க அருணாதேவி உள்ளே போயிருந்தாள். கதவு திறந்தால் மிசின் நிற்கவேண்டும். ஆனால் நின்று நின்று லோடு தாமதமாகிறதென்று கதவு சுவிட்சில் ஒரு துண்டு வயரைச் சொருகி ஏமாற்றி வைத்திருந்தான். வாசலில் கிடந்த, வாரில் ஊக்கு குத்திய அவளுடைய நீலச் செருப்பையும் பார்த்தான். சும்மா கிடக்கும் என்று நினைத்தான். அப்புறம், அதிகாரிகள் வருவதற்குள் வயரை உருவினான். செருப்பைக் கக்கூஸ் வாசலில் கொண்டுபோய்ப் போட்டான். சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போய்ச் செத்தாள் என்று பழி செத்தவள் மேலேயே விழுந்தது. ஒரு மாதம் கழித்து வயர் மறுபடி சுவிட்சில் ஏறியது.

ரோபோவின் அடிப்பாகத்துக்குப் பின்னால் குனிந்து, மூடியைக் கழற்றி, துவாரத்துக்குள் முழங்கை வரை கையை விட்டான். மை வாடையும் சூடான கிரீஸ் வாடையும் கலந்து வந்த காற்றில் எங்கிருந்தோ மருக்கொழுந்து மணத்தது. அருணாதேவியின் தலையில் தினமும் இருந்த மருக்கொழுந்து. கன்ட்ரோலரின் விசிறி ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. கேட்கக் கேட்க, யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுவதுபோல் இருந்தது.

வாசலைத் திரும்பிப் பார்த்தான். அவனுடைய பழுப்புச் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு நீலச் செருப்பு. இடது வாரில் ஊக்கு குத்தியது.

கண்ணை இறுக மூடினான். திறந்தான்.

வாசலில் எதுவும் இல்லை.

வலைக்கு அப்பால், தூரத்தில், கக்கூஸ் வாசலில் இரண்டு சோடி. நீலம். பழுப்பு. ஒழுங்காக, ஒட்டி.

கையை உருவினான். வரவில்லை. வயர் சுற்றிக்கொண்டது என்று நினைத்தான். இழுத்தான். மணிக்கட்டைச் சுற்றியது இறுகியது. ஒன்று. இரண்டு. ஐந்து.

வயருக்கு விரல் கிடையாதே.

மணி அடித்தது. அச்சு மிசின்கள் ஒருசேர உறுமின. கையைத் துடைத்துக்கொண்டு முத்துச்செல்வி வந்தாள். பெட்டி அடுக்கு அவனை மறைத்தது. கத்தினான். அவன் காதுக்கே எட்டவில்லை.

அவள் நல்ல பிள்ளை. முறை தவறாதவள். குனிந்து வாசலைப் பார்த்தாள்.

செருப்பு இல்லை.

“அண்ணாச்சி, முடிச்சுட்டீகளா?” ஒரு குரல் கொடுத்தாள். கக்கூஸ் பக்கம் திரும்பினாள். பழுப்புச் செருப்பைப் பார்த்தாள். தலையாட்டினாள்.

எப்போதும்போல் கதவு திறந்துதான் கிடந்தது. சுவிட்சில் சொருகிய வயர், அது மூடியிருப்பதாக மிசினிடம் சொன்னது.

சிவப்பைத் திருகி விடுவித்தாள்.

அவன் தலைக்கு மேலே இரும்புக் கை மெல்லத் திரும்பி, அவன் முகத்துக்கு நேரே விரல்களை விரித்து நின்றது. மருக்கொழுந்து வாடை.

முத்துச்செல்வியின் கட்டைவிரல் பச்சையின் மேல்.

என் கண்ணுகளா, உங்கள் வீட்டு வாசலில் கழற்றிப் போட்ட செருப்பெல்லாம் அந்தியில் அவரவர் காலுக்கே திரும்பட்டும். ஒரு சோடிகூட ஆளில்லாமல் கிடக்க வேண்டாம். நல்லா இருங்கள்.