செலோ டேப் ஒட்டிய கேசட்

கித்தார்களின் மூட்டத்துக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் மெல்லப் பாடிக்கொண்டிருப்பது மூன்றாம் முறை கேட்டபோதுதான் விஸ்வத்தின் காதில் விழுந்தது. தீவு நகரமான போ பசானில் அவர் குடியிருந்த வீட்டின் முன்னறையில், பள்ளிக்குப் போட்டுச் சென்ற சட்டையைக்கூட மாற்றாமல், டேப் ரிக்கார்டரோடு காதை ஒட்டி அமர்ந்திருந்தார். தெருவில் மாலைப் பேருந்து இரைந்து போயிற்று. பக்கத்து வீட்டில் பூண்டு வதங்கும் வாசனை ஜன்னல் வழியே வந்தது. அவற்றுக்கெல்லாம் அடியில், ஈரத்துணியை வாயில் வைத்துக்கொண்டு பாடுவது போல, அந்தக் குரல். சொற்கள் புரியவில்லை. மூச்சு மட்டும் மிக அருகில் இருந்தது.

விஸ்வம் ரோஸ் ஹில்லில் கணக்கு ஆசிரியர். ஒரு வாரப் பத்திரிகையில் புதிய இசைக் குழுக்களைப் பற்றியும் எழுதி வந்தார். பகலெல்லாம் ஆடை ஆலைகளில் சட்டைக்குக் காலர் தைத்துவிட்டு, யாருடைய கராஜிலோ கூடி, கித்தாரை எதிரொலியில் மிதக்கவிடும் இளைஞர்கள் தங்கள் கேசட்டுகளை முதலில் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். கடற்கரை ஓட்டல்காரர்களுக்குத் தீவின் நாட்டு நடனமான செகா போதுமானதாக இருந்தது. இவர்களை ஒருவரும் அழைப்பதில்லை. இவர்களைக் கண்டெடுத்தவர் என்ற பெயர் ஒன்றுதான் விஸ்வத்துக்கு இருந்த பெருமை. அவரால் ஒரு ஸ்வரம்கூடப் பாட முடியாது.

அலான் என்னும் இளைஞன் நடத்திய குழுவுக்கு லாப்ளி ஃபின், அதாவது தூறல், என்று பெயர். அவர்களிடம் இருந்தது ஒரே கேசட். அதை அன்றைக்கே படியெடுத்துத் திருப்பித் தர வேண்டியிருந்தது. வெற்று நாடா கைவசம் இல்லை. அலமாரியில் மனைவி அம்புஜத்தின் கேசட் ஒன்று கிடந்தது. யாரும் தவறி அழித்துவிடக் கூடாதென்று அதன் முதுகிலிருந்த இரண்டு மூடிகளையும் உடைத்து வைத்திருந்தார்கள். விஸ்வம் அந்தப் பள்ளங்களின் மேல் செலோ டேப் ஒட்டினார். ஒட்டினால் எந்தக் கேசட்டும் மறுபடி பதியும். அன்று மாலை அவர் காதை ஒட்டிக் கேட்டது அந்தப் படியைத்தான்.

மறுநாள் அவள் அலமாரியைக் கலைத்துத் தேடினாள்.

"ஏன்னா, என் கேசட் எங்க? கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணா பதிஞ்சு கொடுத்தது அது ஒண்ணுதான்."

"அதுல இப்போ வேற இருக்கு. சும்மாதானே கெடந்தது? வேணும்னா இன்னொரு தரம் பாடிட்டாப் போச்சு."

"யாருக்குப் பாடறது? ஊர் பேர் தெரியாதவா முனகினாத்தானே உங்க காது தெறக்கும்."

விஸ்வம் சிரித்துவிட்டு எழுதப் போய்விட்டார். அந்த வாரப் பத்தியில், தூறலுக்குள் மறைந்திருந்து பாடும் பெயர் தெரியாத பாடகியை, தீவு இதுவரை கேட்டிராத குரல் என்று புகழ்ந்திருந்தார்.

கேட்கக் கேட்க அந்தக் குரல் முன்னால் வந்தது. நல்ல இசை பழகப் பழகத்தான் பிடிபடும் என்று அவர் எண்ணிக்கொண்டார். அதே நாட்களில் அம்புஜத்தின் தொண்டை கட்டிக்கொண்டது. "சுக்குக் கஷாயம் போட்டுக் குடியேன்," என்றார், தலையைத் திருப்பாமல். சில நாட்களில் அவள் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டாள். கோபம் என்று எடுத்துக்கொண்டார். வீடு அமைதியாக இருந்தது கேட்பதற்கு வசதியாகவும் இருந்தது.

புயல் எச்சரிக்கை ஏறிய நாளில் பள்ளியை மதியமே மூடிவிட்டார்கள். ரோஸ் ஹில் பேருந்து நிலையத்தில் அலான் எதிரே வந்தான்.

"மிசியே விஸ்வம், நீங்க எழுதினதைப் படிச்சு எங்க சில்வி சிரிச்சு ஓயல. யாரு அந்தப் பாட்டுக்காரி? எங்களுக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்."

"உங்கள் குழுவில் பாடுகிற பெண்ணைத்தான் எழுதினேன், அலான்."

"அயோ. எங்ககிட்ட ஏது பாட ஆளு? நானும் இன்னொருத்தனும் கித்தாரு, சில்வி டிரம்மு. ஒரு குரல் கெடைக்காமதானே உங்ககிட்டயே வந்தோம்."

அவன் வாக்மேனை எடுத்து அவர் காதில் மாட்டினான். அதே கேசட். அதே கித்தார்கள். விஸ்வம் கடைசிவரை கேட்டார். அதில் ஒருவரும் பாடவில்லை.

மூன்றாம் எண் எச்சரிக்கை அறிவிக்கப்பட்டு, கடைசிப் பேருந்தும் போன பிறகு, நனைந்தபடி வீட்டை அடைந்தார். கரும்புத் தோட்டங்களின் பச்சை வாடையும் மண்ணின் வாடையும் கலந்த காற்று தகரக் கூரையைப் பிடித்து உலுக்கிற்று. அம்புஜம் ஜன்னல்களை அடைத்து மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தாள். மின்சாரம் போய்விட்டிருந்தது. பிற்பகலிலேயே அறை இருண்டிருந்தது.

"அம்புஜம், ஏதாவது பேசு."

அவள் அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள். உதடுகள் அசைந்தன. தொண்டை நரம்பு புடைத்தது. கரகரப்பில்லை. மூச்சொலிகூட இல்லை. எத்தனையோ நாட்களாக அவள் இப்படிப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவர்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

விஸ்வம் டேப் ரிக்கார்டரில் பாட்டரிகளைப் போட்டு அந்தக் கேசட்டை ஓடவிட்டார். கித்தார்கள் எங்கோ தொலைவில், மழைக்கு அப்பால் இருந்தன. குரல் அறையின் நடுவே நின்றது. தெளிவாக. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. பெண் பார்க்கப் போன அன்று கும்பகோணத்துக் கூடத்தில் அவள் பாடிய பாட்டு. அன்று அவர் பாதியிலேயே காப்பி கேட்டார்.

அவள் இரு கைகளாலும் பெட்டியைத் தொட்டாள். அழித்துவிடாதீர்கள் என்பது போலத் தலையசைத்தாள். அழித்தால் அவள் குரல் வேறெங்கும் இருக்காது.

நாடா முடிந்து நின்றது. அவர் திருப்பிச் சுற்றி, இருட்டில் பொத்தானைத் தடவி மறுபடி அழுத்தினார்.

"மன்னிச்சுக்கோ. உன் குரல் உனக்குத் திரும்பி வரணும். நான் கேக்கறேன், அம்புஜம். இனிமே நீ பாடினா நான் கேக்கறேன்."

பாட்டு வரவில்லை. மெழுகுவர்த்திச் சுடர் சாய்ந்து நிமிர்ந்தது. பெட்டியின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது.

இரண்டு பொத்தான்கள் சேர்ந்து இறங்கியிருந்தன. பதிந்துகொண்டிருந்தது.

நிறுத்தினார். சுற்றினார். ஓடவிட்டார்.

"மன்னிச்சுக்கோ," என்றது அவர் குரல் பெட்டியிலிருந்து.

"பரவால்லேன்னா," என்றது அம்புஜத்தின் குரல். "இப்படி வந்து உக்காருங்கோ."

அவள் எதிரே நின்றாள். அவள் உதடு அசையவில்லை.

விஸ்வம் அவளை அழைத்தார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. மீண்டும் அழைத்தார். கூரை மட்டும் கதறியது.

பெட்டிக்குள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ஏதோ கேட்டார். அவள் சிரித்தாள். மணமாகி வந்த நாளிலிருந்து அவர்கள் ஒருநாளும் பேசியிராத இதத்தில், ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் பொறுத்துப் பேசினார்கள். பிறகு அவள் பாடத் தொடங்கினாள். அவர் நடுவே குறுக்கிடவில்லை.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். அது இறங்கவில்லை.

பாட்டு சற்றே இழுபட்டது. ஒரு சுருதி இறங்கிற்று. பாட்டரி தீர்ந்துகொண்டிருந்தது.

கடைகள் எல்லாம் பலகை அடித்து மூடியாயிற்று. புயல் கடக்கும்வரை ஒருவரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருவரும் பெட்டியின் இரு பக்கமும் மண்டியிட்டு, வாயைத் திறந்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள் குரல் மெல்ல மெல்ல ஆண்குரலாகி, கிழவனின் குரலாகி, ஒரு மிருகத்தின் குரலாகி, இன்னும் பாடிக்கொண்டிருந்தது.